வெள்ளிக்கிழமைத் தலைவலியும் ஒரு கிண்ணம் வட்டிலப்பமும்

1. சோதனைக்கு வந்த வட்டிலப்பம்

ஆஸ்பத்திரி பாமசி ஜன்னலுக்குள்ளால் எதுவும் வரும் என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. மருந்துத் துண்டு வரும், ஏச்சு வரும், வீட்டு மரத்து மாம்பழம் வரும். ஒருமுறை, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால், அழுகிற குழந்தையொன்றையே உள்ளே நீட்டினார்கள். ஆனால் ஒரு வட்டிலப்பம் சோதனைக்கு வந்தது என் சர்வீஸில் ஒரேயொரு தடவைதான்.

கல்முனைப் பக்கத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து இப்போது பென்ஷனில் இருக்கிறேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்வதுதான் இப்போதைய தொழில். கதை நடந்தது வேலையின் கடைசி வருடங்களில், ஒரு நரம்பு கிளினிக் நாளில். வாசல் வரைக்கும் கியூ. பத்து மணித் தேத்தண்ணியைக் கூட நான் இன்னும் குடித்திருக்கவில்லை. அப்போது ஒரு பெண் கியூவைப் பொருட்படுத்தாமல் நேரே ஜன்னலுக்கு வந்து, மூடி போட்ட சில்வர்க் கிண்ணமொன்றை என் முன்னால் வைத்தார்.

"மிஸ், நீங்கதானே மருந்து கலக்கிற ஆள்? இதுக்குள்ள என்ன கலந்திரிக்கி எண்டு பாத்துச் சொல்லுங்க."

மூடியைத் திறந்தேன். கருஞ்சிவப்பாக, மேலே முந்திரிப் பருப்பு போட்டு, ஏலவாசம் வீசிக்கொண்டு வட்டிலப்பம். என் வயிறு உடனே பதில் சொல்லிவிட்டது. நான்தான் அடக்கிக்கொண்டேன்.

வந்தவர் பெயர் பல்கீஸ். நிந்தவூர். அவருக்குப் பின்னால் வாங்குப் பலகையில் வெட்கத்தோடு குனிந்திருந்தவர் அவரது மகன் றிஸ்வான். ஒலுவில் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கிற மெக்கானிக். அவருக்குப் பக்கத்தில் மனைவி நஸ்ரின், நஸ்ரினுக்குப் பக்கத்தில் அவளுடைய உம்மா மீராஉம்மா. கலியாணம் முடித்து மூன்று மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். றிஸ்வானும் அப்படியே மருதமுனைக்குக் குடிவந்திருந்தார்.

பல்கீஸ் ராத்தா (அக்காவை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம்) சொன்ன கதை இதுதான். மகனுக்குக் கிழமை நாட்களில் ஒரு குறையும் இல்லை. விடியமுன்பே துறைமுகத்துக்குப் போகிறார், வேலை செய்கிறார், வருகிறார். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் தலையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்குகிறது. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி. ஜும்ஆத் தொழுகைக்குக்கூடப் போக முடியவில்லை. புது மாப்பிள்ளையை ஜும்ஆவில் காணவில்லை என்றால் பள்ளிவாசலில் எத்தனை பேர் விசாரிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை லீவு நாள். அன்றைக்குத்தான் அவர் காலை முழுக்கப் பெண் வீட்டில் நிற்கிறார். அன்றைக்குத்தான் அங்கே வட்டிலப்பம் செய்கிறார்கள். போன வெள்ளி செய்ததில் மிஞ்சியதைத்தான் அந்த வீட்டுக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பல்கீஸ் ராத்தா இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்று முடித்திருந்தார்.

"வட்டிலப்பம் திங்கிறான், பாங்கு சொல்லக்குள்ள தலையப் புடிச்சிட்டுக் கிடக்கான். என்னத்தையோ போட்டுத்தான் குடுக்காங்க. நீங்க சொல்லாட்டி ஓட்டோ வெளிய நிக்கி, நான் எண்ட மகன எண்ட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறன்."

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை தாய்வீட்டுக்குத் திரும்புவது சும்மா போய் வருகிற காரியம் இல்லை. பகல் போனால் பின்னேர அஸர் தொழுகைக்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு பள்ளிவாசல் பெரியவர்கள் உட்கார்ந்து கதைத்துத்தான் ஆளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சில வேளை திரும்பி வராமலே போவதும் உண்டு. நஸ்ரின் புருஷனுடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பல்கீஸ் ராத்தாவில் கோபமும் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மேசை லாச்சியில் கிடந்த கரண்டியை எடுத்து, கிண்ணத்தில் ஒரு பக்கத்தைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டேன்.

கியூ சிரித்தது. பல்கீஸ் ராத்தா பதறிப்போனார்.

"முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், கொஞ்சம் சாதிக்காய்" என்றேன். "சோதிச்சிட்டன் ராத்தா. வேற ஒண்டும் இல்ல. இனி டொக்டரக் காட்டிட்டு வாங்க, மிச்சத்தக் கதைப்பம்."

2. டொக்டரும் நானும்

எங்கள் நரம்பு டொக்டர் காரைதீவுப் பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் அவருடைய அறைக்கு வெளியே எப்போதும் ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் நிற்கும். ஒரு நோயாளியோடு நெடுநேரம் கதைத்தால் கடைசி ஆள் பஸ்ஸை விட்டுவிடுவார். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நோய் என்ன என்று கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. ஒற்றைத் தலைவலிக்காரர்களைக் கியூ முடியும்வரை இருக்கச் சொல்லி என்னிடம் அனுப்பிவிடுவார். உட்காரவைத்து விளங்கப்படுத்துவது என் வேலை.

விளங்கப்படுத்துமளவுக்கு எனக்குப் படிப்பித்ததும் அவர்தான். கிளினிக் நாட்களில் பகல் சாப்பாட்டை இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். நான் படித்த காலத்தில் மைக்ரேன் என்றால் தலையிலுள்ள இரத்தக் குழாய் சுருங்கி விரிவது, அவ்வளவுதான் என்று சொல்லித் தந்தார்கள். டொக்டர் ஒருநாள் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, அது பழைய கதை மிஸ் என்றார். குழாய் விரிவது நடக்கிறதுதான், ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. தொடக்கம் மூளைக்குள், இரசாயனங்களில்.

அன்றைக்கு அவர் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். சிலருடைய மூளை பிறப்பிலேயே கொஞ்சம் கூர்மையானது. வெளிச்சம், சத்தம், மணம், பசி, நித்திரை எல்லாவற்றையும் மற்றவர்களைவிடக் கூட உணரும். அதற்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். நேரம் குழம்பினால் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்கிற பகுதி குழம்பும். டோபமின் ஆட்டம் போடும். கொட்டாவி அதனால்தான், பிறகு வருகிற வாந்தி ஓங்காளத்திலும் அதற்குப் பங்கு உண்டு. செரட்டோனின் அளவு தளம்பும். முகத்துக்கும் மூளையின் உறைக்கும் போகிற ஒரு பெரிய நரம்பு இருக்கிறது. அது சி.ஜி.ஆர்.பி. என்ற ஒன்றைக் கக்கும். அதுதான் குழாய்களை விரித்து, அந்த இடத்தையே புண்ணான மாதிரி ஆக்கிவிடுகிறது. அந்த நேரம் நாடித் துடிப்புக்கூட இடியாகக் கேட்கும்.

இதில் இன்னும் விளங்காத பகுதிகள் நிறைய உண்டு என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது. நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புத்தகம் மாறியது. இப்போது அந்த சி.ஜி.ஆர்.பி.யையே மறிக்கிற ஊசிகள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. நாள் முழுக்கக் குளிசை எண்ணுகிற எனக்கு, ஒரு குளிசை உள்ளே போய் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று தெரிந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

றிஸ்வானையும் டொக்டர் நன்றாகச் சோதித்துப் பார்த்து, மைக்ரேன்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். தலைவலி தொடங்கின உடனே போடக் குளிசை, ஓங்காளத்துக்கு ஒன்று. கடையில் கண்டபாட்டுக்கு நோக்குளிசை வாங்கி விழுங்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று கேட்டாராம். றிஸ்வான், பெண் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை டொக்டர் என்று சொல்லிவிட்டார். மாமியார் கதவடியில் நிற்கிறபோது எந்தப் புது மாப்பிள்ளை வேறு பதில் சொல்வார்?

3. யார் கேட்ட வட்டிலப்பம்?

கியூ முடிந்ததும் நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு வாங்கில் இருத்தினேன். பல்கீஸ் ராத்தா ஒரு முனையில், மீராஉம்மா மறு முனையில், இளசுகள் நடுவில். முதலில் டொக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். சி.ஜி.ஆர்.பி. என்ற பெயரைக் கேட்டதும் மீராஉம்மா, அது பஸ் கொம்பனியா மிஸ் என்றார். எல்லாரும் சிரித்தோம். பல்கீஸ் ராத்தா சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி மிஸ். வட்டிலப்பம் தின்ன பொறகுதானே வருது?"

நல்ல கேள்வி. டொக்டரிடம் நானும் இதையேதான் ஒருநாள் கேட்டிருந்தேன். அவர் அன்றைக்கு எனக்குத் தந்த கேள்வியை நான் இப்போது மீராஉம்மாவிடம் போட்டேன்.

"வட்டிலப்பத்த நீங்களா குடுத்தீங்களா, மருமகன் கேட்டாரா?"

பதில் சொன்னது நஸ்ரின். அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான். "அவருதான் கேட்ட மிஸ். பாலப்பம், இறைச்சிக் கறி எல்லாம் வெச்சிரிக்கும். ஒண்டையும் தொடமாட்டாரு. கண்ணால தண்ணி வர வரக் கொட்டாவி உடுவாரு. பொறகு, வட்டிலப்பம் இரிக்கா எண்டு கேப்பாரு. அதுக்குப் பொறகுதான் உம்மா எல்லா வெள்ளிக்கிழமையும் செய்யத் தொடங்கின."

மற்ற நாட்களில் இனிப்புச் சாப்பிடுவாரா என்று கேட்டேன். சீனி கொஞ்சம் கூடினால் தேத்தண்ணியையே தள்ளி வைத்துவிடுவார் என்றாள்.

நான் எதிர்பார்த்த பதில் அதுதான். கொட்டாவியும் இனிப்பு ஆசையும் மைக்ரேன் வர முதலே வருகிறவை. வலி தொடங்கப் பல மணித்தியாலம் முந்தியே மூளைக்குள் வேலை ஆரம்பமாகிவிடுகிறது. அப்போது மூளைதான் இனிப்பைக் கேட்கிறது. ஆள் சாப்பிடுகிறார், பிறகு வலிக்கிறது. பழி வட்டிலப்பத்தில் விழுகிறது. "மழைக்கு முந்திக் காத்து வருது. காத்துத்தான் மழையக் கொண்டுவந்த எண்டு காத்தோட சண்டைக்குப் போறதா ராத்தா?" என்றேன்.

பல்கீஸ் ராத்தா கிண்ணத்தை முறைத்த முறைப்புக் கொஞ்சம் குறைந்தது.

சரி, வலியை வட்டிலப்பம் கொண்டுவரவில்லை. அப்படியானால் எது கொண்டுவந்தது, அதுவும் வெள்ளிக்கிழமையில் மட்டும்? றிஸ்வானிடம், துறைமுகத்தில் முதல் தேத்தண்ணி எப்போது என்று கேட்டேன். போய் இறங்கினதுமே என்றார். பிறகு எஞ்சினைக் கழற்ற ஒன்று, பூட்ட ஒன்று, வள்ளக்காரர் வாங்கித் தருகிற ஒன்று என்று விரல் மடித்துக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை முதல் தேத்தண்ணி எப்போது என்று கேட்டேன்.

றிஸ்வான் மாமியாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி."

"காலைப் பசியாறக்குள்ள குடிப்பன் மிஸ்."

"அது எத்தின மணிக்கு?"

"பத்து, பத்தரை ஆகும்."

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து திரும்பி அறைக்குள் போய் இருப்பாராம். வீட்டில் ஒரு சத்தமும் கேட்காது. எல்லாரும் நித்திரை போல என்று நினைத்துக்கொண்டு, புது இடத்தில் எழும்பித் திரிவது மரியாதை இல்லை என்று அவரும் திரும்பிப் படுத்துவிடுவார். நித்திரையும் நேரம் பிழைத்த நித்திரை. பள்ளிவாசலுக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை இருக்கிறதே என்றேன்.

"புது மாப்புள கடையில இரிந்து தேத்தண்ணி குடிச்சா ஊரு என்ன சொல்லும் மிஸ்? பொம்புள ஊட்ட தேத்தண்ணி இல்லையாம் எண்டுதானே சொல்லும். மாமிக்கி அது குறைச்சலில்லையா?"

மீராஉம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அவர் பக்கத்துக் கதை இன்னும் விசேஷம். வெள்ளிக்கிழமை மருமகன் நித்திரை கொள்ளட்டும், கிழமை முழுக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை என்று வீட்டில் கோப்பை உரசுகிற சத்தம்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டாராம். மாப்பிள்ளை எழும்பி வரமுன்னம் வீட்டில் யாரும் வாய் நனைக்கக்கூடாது. நஸ்ரின் ஒருநாள் புருஷனுக்கு ஒரு பிளேன்டீ கொண்டுபோகவா என்று கேட்டதற்கு, வெறும் பிளேன்டீயையா மாப்பிள்ளைக்குக் கொடுப்பது, மேசை நிறைய வைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று மறித்திருக்கிறார். மேசை நிறையப் பத்து மணி ஆகும்.

"அப்ப ஒங்கட மனிசனுக்குத் தேத்தண்ணி?" என்று கேட்டேன்.

"அவரும் காத்திட்டுத்தான் இரிப்பாரு மிஸ். குசினிக்குள்ள, அடுப்படியில, பேப்பர வெச்சிட்டு" என்றார் மீராஉம்மா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவுக்கு உள்ளே ஒருவர் தேத்தண்ணிக்குத் தவித்துக்கொண்டு படுத்திருக்கிறார், கதவுக்கு வெளியே வீடு முழுக்க அவருக்காகத் தேத்தண்ணி குடிக்காமல் காத்திருக்கிறது. இப்படி ஒரு மரியாதை எங்கள் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும்.

தேத்தண்ணியில் உள்ள கஃபீனைப் பற்றியும் சொன்னேன். மூளையில் அடினோசின் என்று ஒன்று இருக்கிறது. கஃபீன் அதனுடைய கதிரையில் போய் இருந்துகொண்டு அதை இருக்கவிடாது. நாளும் பொழுதும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் அடினோசின் எல்லாக் கதிரையிலும் ஒரேயடியாக வந்து இருந்துவிடும். இரத்தக் குழாய்கள் விரியும், தலை இடிக்கும். வியாழன் பின்னேரம் துறைமுகத்தில் குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு வெள்ளி பத்து மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. அதோடு பசி, நேரம் பிழைத்த நித்திரை. கூர்மையான மூளை சும்மா இருக்குமா?

"பேசாமத் தேத்தண்ணி கேட்டிரிக்கலாமே" என்றாள் நஸ்ரின் புருஷனிடம். மூன்று மாதத்தில் அவள் அவரைக் கோபித்தது அதுதான் முதல் தடவையாம். பிறகு எனக்குச் சொன்னாள்.

எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் பல்கீஸ் ராத்தா கடைசி அம்பை எய்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத தலைவலி வருத்தம் இவனுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டார். இது பரம்பரையில் ஓடுகிற ஒன்று என்று நான் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்.

றிஸ்வான் மெல்லச் சொன்னார். "உம்மா, தலைநோம்புக்கு, நோம்பு தொடங்கிற முதல் நாளே, நீங்க துணியக் கட்டிட்டு இருட்டு அறைக்குள்ள படுப்பீங்களே."

"அது பித்தம்."

"வாந்தியும் எடுப்பீங்களே."

"பித்தமெண்டா வாந்தி வராதா?" என்று எழும்பிவிட்டார் பல்கீஸ் ராத்தா. அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்க அவர் தயாராக இல்லை. வாசலில் நின்று தீர்ப்பை மட்டும் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலையே தான் மருதமுனைக்கு வந்து இருந்து பார்க்கப்போவதாகவும், அன்றைக்கும் தலை வலித்தால் மகன் தன்னோடு வருவான் என்றும் சொன்னார். ஓட்டோ தனியாக அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. கிண்ணத்தை மறந்துவிட்டார். மிச்சத்தையும் நானே சோதித்து முடித்தேன்.

4. அந்த வெள்ளிக்கிழமை

கதைக்கும்போது பெரிதாகக் கதைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. மைக்ரேன் யாருடைய சொல்லுக்கும் அடங்குகிற ஆள் இல்லை. தேத்தண்ணி நேரத்துக்குக் குடித்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை அது வரலாம். இந்த வெள்ளிக்கிழமையே வரலாம். வந்தால் ஒரு பிள்ளையின் குடும்பம் பிரியும். டொக்டரிடம் சொன்னேன். அவருக்கும் கவலைதான். பல்கீஸ் ராத்தா ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார், மைக்ரேனை மாதக்கணக்கில் அல்லவா பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அதை அந்தத் தாய்க்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கை ஓடவில்லை. கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஜும்ஆவுக்கு ஆண்கள் புறப்படுகிற நேரம் போன் அடித்தது. நஸ்ரின். மெல்லிய குரலில் கதைத்தாள்.

"மிஸ், தலவலி வந்திட்டு."

எப்போது தொடங்கியது, குளிசை போட்டாரா, வாந்தி எடுத்தாரா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

"அவருக்கில்ல மிஸ். அவரு தலைக்கித் தொப்பியப் போட்டுட்டு ஜும்ஆக்குப் போயிட்டாரு. வந்திரிக்கிறது மாமிக்கி."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பல்கீஸ் ராத்தா சொன்னபடியே விடியமுன்பே நிந்தவூரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார், மகனுக்கென்று ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியோடு. அவசரத்தில் தான் ஒரு வாய் குடிக்கவில்லை. இங்கே வந்து பார்த்தால் குசினிக்குள் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே இருந்து, தொழுதுவிட்டு வந்த கையோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமனாருக்கு முகம் கொள்ளாத சந்தோஷமாம். பல்கீஸ் ராத்தாவுக்கு ஒரு கோப்பை நீட்டியிருக்கிறார்கள். நான் பார்க்க வந்தேன், குடிக்க வரவில்லை என்று தள்ளிவிட்டார்.

பிறகு மகனுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வலிக்கிதா, வலிக்கிதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மகன் இறைச்சிக் கறியோடு பாலப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு கொட்டாவி இல்லை. பாலப்பத்தையும் பல்கீஸ் ராத்தா தொடவில்லை. விடிய எழும்பியது, வெறும் வயிறு, தேத்தண்ணி இல்லை, மனக்கவலை என்று ஒன்றும் பாக்கியில்லை.

வெயில் ஏறுகிற நேரத்தில் பல்கீஸ் ராத்தா ஒரு கொட்டாவி விட்டார். பிறகு இன்னொன்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "மீராஉம்மா, அந்த வட்டிலப்பம் கொஞ்சம் இரிக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

நஸ்ரின் உம்மாவைப் பார்த்தாள். உம்மா நஸ்ரினைப் பார்த்தார். இருவரும் ஒன்றாக எழும்பினார்கள். உம்மா வட்டிலப்பத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நஸ்ரின் பாய் விரித்து, வாளியைப் பக்கத்தில் வைத்து, தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். வலி வந்து சேர முதலே அறை தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்கு நான் விளங்கப்படுத்தியிருக்கிறேன். கேட்டதை இவ்வளவு வடிவாகக் கைக்கொண்டவர்கள் அந்த இருவரும்தான்.

றிஸ்வானுடைய குளிசையை மாமிக்குக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் நஸ்ரின் போன் எடுத்திருந்தாள். அது அவருக்கு எழுதின மருந்து, மாமிக்குக் கொடுக்கக்கூடாது, இப்போதைக்குப் பனடோல் குளிசையும் தேத்தண்ணியும் இருட்டும் போதும், அடுத்த கிளினிக்குக்குக் கூட்டி வா என்றேன்.

பின்னேரம் திரும்ப எடுத்தாள். ஜும்ஆ முடிந்து வந்த றிஸ்வான் உம்மாவின் காலடியில் இருந்திருக்கிறார். மின்விசிறிச் சத்தம் ஆகவில்லை என்றதால் மீராஉம்மா தலைமாட்டில் இருந்து ஓலை விசிறியால் விசிறியிருக்கிறார். மகனைக் கூட்டிப் போக வந்தவர் அன்றைக்கு இரவும் அங்கேதான் தங்கினார்.

5. நான் படித்தது

இனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு. மூளையின் இரசாயனத்தை டொக்டர் எனக்குப் படிப்பித்தார். அந்த இரசாயனத்தைக் குழப்பியது மேசை நிறையச் சாப்பாடு வைத்த அன்பு என்பதை இந்த வீடு படிப்பித்தது. எங்கள் மனிதர்கள் வலியைச் சொல்வார்கள், பசியைச் சொல்லமாட்டார்கள். மற்றவர் மனம் நோகும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால் தலைவலி என்று வருகிறவரிடம், முதல் தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் பக்கத்தில் நிற்கிறவரைக் கேளுங்கள், வலி வர முதல் என்ன செய்வார் என்று. குளிசை கொடுப்பது அதற்குப் பிறகு.

றிஸ்வானுக்குத் தலைவலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இடைக்கிடை வரும். வந்தால் குளிசை போட்டுக்கொண்டு படுப்பார், எழும்புவார். யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

அடுத்த கிளினிக் நாளில் இரண்டு சம்பந்திகளும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். இந்த முறை கிளினிக் கொப்பி பல்கீஸ் ராத்தாவின் பெயரில். டொக்டர் பார்த்து அனுப்பியதும் ஜன்னலடிக்கு வந்தார். நான் கழுவி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மீராஉம்மாவின் கையில் கொடுத்தார்.

"கேட்டீங்களா மிஸ்" என்றார், கியூவுக்கே கேட்கிற மாதிரி. "எண்ட மகனுக்குச் சீதனமா ஊடு குடுத்தது இவங்க. தலவலியக் குடுத்தது நான்."

மீராஉம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லையே மிஸ் என்றார்.